டாரட் சீட்டும் படைப்பு மனமும்: வெட்டுப்பட்ட ஒரு கையெழுத்தை முன்வைத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆருடம் பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுகளைக் கொண்டு படைப்பாற்றலை வளர்த்துக்கொள்வது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரு வாரங்களுக்கு முன் வெளியான கட்டுரையையும், அதை மறுத்துச் சென்ற வாரம் வந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். எழுத்திலோ இசையிலோ தடைபட்டு நிற்பவர்களுக்கு இச்சீட்டுகள் வழி சொல்லும் என்றது கட்டுரை. அச்சடித்த அட்டைக்கு அறிவு ஏது, இது கிளி ஜோசியம் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்ததுதானே என்றது கடிதம். சிறுவர் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 26 ஆண்டுகளாகப் படம் வரைந்து பிழைப்பவள் நான்; கடந்த 6 ஆண்டுகளாக மேசை இழுப்பறையில் ஒரு டாரட் கட்டு வைத்திருப்பவளும்கூட. கட்டுரையாளரும் கடிதம் எழுதியவரும் ஒன்றைச் சேர்ந்தே தவறவிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதால் இதை எழுதுகிறேன். அந்தச் சீட்டு ஓர் ஓவியம்; அதை வரைந்த ஒருவர் இருந்தார். கட்டுரையோடு தாங்கள் அச்சிட்டிருந்த படத்தில், அந்த ஓவியர் தம் கையெழுத்தை இட்டிருந்த கீழ் விளிம்பு, பத்தியின் அளவுக்குப் பொருத்துவதற்காக வெட்டப்பட்டிருந்தது.

தாங்கள் அச்சிட்ட சீட்டு, உலகில் இன்று மிகுதியாகப் புழங்கும் டாரட் கட்டைச் சேர்ந்தது. 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் என்னும் பதிப்பகம் அதை வெளியிட்டது. ஏ. இ. வெய்ட் என்ற மறைஞான எழுத்தாளர் அதைத் திட்டமிட்டார். ஆகையால் அது நெடுங்காலம் ரைடர்-வெய்ட் கட்டு என்றே வழங்கி வந்தது. விற்றவர் பெயரும் யோசனை சொன்னவர் பெயரும் ஒட்டிக்கொண்டன. 78 சீட்டுகளையும் உட்கார்ந்து வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில்தான் பரவியிருக்கிறது. 1878இல் லண்டனில் பிறந்த பமீலா, சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வளர்ந்தார். நியூயார்க் புரூக்ளினில் உள்ள பிராட் கல்விக்கூடத்தில் ஓவியம் பயின்றார். லண்டன் திரும்பி நாடகக் குழுவினரோடு ஊர் ஊராகச் சென்று மேடைக் காட்சிகளுக்கும் உடைகளுக்கும் வரைந்தார். ஜமைக்காவில் கேட்ட, அனான்சி என்ற தந்திரச் சிலந்தியின் நாட்டுப்புறக் கதைகளை 1899இல் தம் படங்களுடன் நூலாக வெளியிட்டார். இசைக் கச்சேரியில் அமர்ந்து, கேட்கும்போது கண்ணுக்குள் எழும் உருவங்களை அங்கேயே தாளில் பிடிக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் நடத்திய புகைப்படக் கலைக்கூடத்தில் முதன்முதலாகப் புகைப்படம் அல்லாத படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டது 1907இல். அவை பமீலாவின் ஓவியங்கள். அதே ஸ்டீக்லிட்ஸுக்கு 1909 நவம்பரில் எழுதிய கடிதத்தில், மிகச் சொற்பக் காசுக்கு ஒரு பெரிய வேலையை இப்போதுதான் முடித்தேன் என்று அவர் குறிப்பிட்டார். அந்தப் பெரிய வேலைதான் இந்தச் சீட்டுக்கட்டு. 1951இல் கார்ன்வால் பகுதியில் பியூட் என்ற கடற்கரை ஊரில் அவர் கடனோடு இறந்தபோது, கடனை அடைப்பதற்காக அவருடைய உடைமைகள் விற்கப்பட்டன. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் படம் வரைந்து, அதையும் மூன்று முறை நினைவூட்டிப் பெற்றுக்கொள்ளும் எனக்கு, அந்தக் கடித வரியைக் கடந்து போவது எளிதாக இல்லை.

பமீலா வரைந்ததில் புதுமை என்ன என்பதைச் சொன்னால்தான், இச்சீட்டுகள் எழுதுபவருக்கும் வரைபவருக்கும் ஏன் பயன்படுகின்றன என்பது விளங்கும். டாரட் கட்டில் 22 படச்சீட்டுகள் உண்டு. அவை போக 56 சீட்டுகள் கோப்பை, வாள், கோல், நாணயம் என்று நான்கு வகையாகப் பிரிந்திருக்கும். நம் வீட்டுச் சீட்டுக்கட்டில் எட்டு ஆட்டின் என்றால் எட்டு இதயங்கள் மட்டுமே இருப்பதைப்போல, பழைய டாரட் கட்டுகளிலும் எட்டுக் கோப்பை என்றால் பெரும்பாலும் எட்டுக் கோப்பைகளை அழகாக அடுக்கி வரைந்திருப்பார்கள், அவ்வளவுதான். விலக்காக, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் உருவான சோலா புஸ்கா என்ற கட்டில் எண் சீட்டுகளிலும் மனித உருவங்கள் இருந்தன. அதன் புகைப்படங்கள் 1907இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தன. பமீலாவின் மூன்று வாள் சீட்டில் மூன்று வாள்கள் பாய்ந்த இதயத்தைப் பார்ப்பவர்கள், அவர் அந்தப் புகைப்படங்களைக் கண்டிருக்க வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஒன்றிரண்டை அங்கிருந்து எடுத்துக்கொண்டாலும், எண் சீட்டு ஒவ்வொன்றையும் ஒரு நாடகக் காட்சியாக்கியது பமீலாவின் கைதான். இந்தச் சீட்டுகளில் வெய்ட்டின் குறுக்கீடு குறைவு, ஓவியருக்கு விடப்பட்ட இடம் அதிகம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேடைக்கு வரைந்து பழகியவர் என்பது அந்தச் சீட்டுகளில் தெரிகிறது. யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள், யாரோ கிளம்பிவிட்டார்கள், யாரோ ஏதோ ஒன்றைக் கையில் ஏந்தியபடி தயங்கி நிற்கிறார்கள். முன்கதையும் பின்கதையும் சொல்லப்படுவதில்லை.

தங்கள் கட்டுரை, டாரட் பண்டைய எகிப்திலிருந்து வந்த ஞானம் என்று போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது. அதைத் திருத்தாமல் விடக்கூடாது. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகப் பிறந்தது. மிலான் பிரபுக்களின் குடும்பத்துக்காகத் தங்கத்தகடு பதித்துத் தீட்டப்பட்ட கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும் ஒரு பகுதி இத்தாலியின் பெர்காமோ நகரக் கலைக்கூடத்திலும் உள்ளன. 22 படச்சீட்டுகளில் அசடன் என்ற ஒன்றைத் தவிர மற்றவை அந்த ஆட்டத்தின் துருப்புச் சீட்டுகள். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றுகூட மக்கள் காப்பிக் கடையில் அமர்ந்து, ஆருடத்தின் நினைப்பே இல்லாமல், இந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எகிப்துக் கதையைக் கட்டியவர் கூர் த ஜெப்லான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1781இல் அச்சான தம் நூலில், இவை எகிப்தியப் பூசாரிகள் ஒளித்துவைத்த ஞானநூலின் ஏடுகள் என்று அவர் எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்பொலியோன் படித்துக் காட்டியது 1822இல்தான். ஒருவரும் படிக்கத் தெரியாத மொழியின் ஞானத்தை 41 ஆண்டுகளுக்கு முன்பே ஜெப்லான் மொழிபெயர்த்துவிட்டார்! அடுத்த சில ஆண்டுகளில் எட்டெய்யா என்ற புனைபெயரில் ஒருவர் டாரட்டை வைத்து ஆருடம் பார்க்கும் முறையை நூலாக எழுதி, அதற்கென்றே தனிக் கட்டும் வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டின் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் 1980இல் இந்த ஆட்டத்தின் வரலாற்றை விரிவாக எழுதி, மறைஞானம் என்பது பிற்காலத்தில் பூசப்பட்ட வண்ணம் என்பதை நிறுவினார். இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எகிப்துக்கும் டாரட்டுக்கும் தொடர்பு உண்டுதான். கோப்பை, வாள், நாணயம், கோல் என்ற நான்கு வகைகளும் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்துச் சீட்டுக்கட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவை. அந்தக் கோல், அங்கே போலோ விளையாட்டின் மட்டையாக இருந்தது. ஆக, எகிப்திலிருந்து வந்ததும் ஆட்டமே.

கடிதம் எழுதிய வாசகர் இதையெல்லாம் படித்தால் மகிழ்வார். அவர் சொன்னதில் பாதியை நானும் ஏற்கிறேன் என்பதற்கு என் தோழியின் மகளுக்கு நேர்ந்ததைச் சான்றாகச் சொல்வேன். நாவல் ஒன்றை 140 பக்கம் எழுதி நிறுத்தியிருந்த அந்தப் பெண், பெருநகரம் ஒன்றில் நடந்த ஒருநாள் பயிலரங்குக்கு 4,500 ரூபாய் கட்டிச் சென்றாள். மூன்று சீட்டு எடுக்கச் சொன்னார்கள். மூன்றாவதாக வந்தது கோபுரம் என்ற சீட்டு. கோபுரம் என்றதும் நமக்குக் கைகூப்பத் தோன்றும். இது அப்படிப்பட்டதன்று, இடி விழுந்து உச்சி பெயர்ந்து, தீப்பிடித்த கற்கோட்டையிலிருந்து இருவர் தலைகீழாக விழும் படம். நடத்தியவர் படத்தை அவளிடம் காட்டக்கூட இல்லை. இந்த ஆண்டு முடியும்வரை இந்த நாவலைத் தொடாதீர்கள், சரிவு தெரிகிறது என்று சொல்லி அடுத்தவரிடம் போய்விட்டார். அவள் 14 மாதங்கள் அந்தக் கையெழுத்துப் படியைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் என் வீட்டில் அதே சீட்டை எடுத்து அவள் முன் வைத்து, இது என்ன படம் என்று மட்டும் கேட்டேன். சற்றுநேரம் பார்த்துவிட்டு, 'இந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்து விழறாங்க அத்தை, ஆனா ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவே இல்ல' என்றாள். அவளுடைய நாவல் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் இரண்டு சகோதரிகளைப் பற்றியது. அன்றிரவே மீண்டும் எழுத உட்கார்ந்தாள். நாவல் நன்றாக வருமா என்பது எனக்கோ சீட்டுக்கோ தெரிகிற காரியமில்லை.

ஆருடம் பலித்ததுபோல் தோன்றுவதன் காரணம் உளவியலாளர்களுக்குப் பழைய செய்தி. 1948இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர், தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தின் விவரிப்பு என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் இடச் சொன்னபோது, சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களும் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தவை. 'உங்களிடம் பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது' என்று சொன்னால் மறுக்கும் எழுத்தாளர் எந்த ஊரில் இருக்கிறார்?

ஆனாலும் சீட்டு என் இழுப்பறையில்தான் இருக்கிறது. ஏன் என்பதை ஒரு நாளின் வேலையை வைத்துச் சொல்கிறேன். காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் பாட்டியோடு வளரும் சிறுமியைப் பற்றிய படக்கதை நூல் அது. மொத்தம் 16 படங்கள். 11 முடிந்துவிட்டன. 12ஆவது படத்தில், பாட்டி வீட்டைவிட்டு நகரத்திலுள்ள மகன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஏழு முறை வரைந்தேன், ஏழும் கிழிபட்டன. பாட்டியின் கண்ணில் நீர் வரைந்தால் சினிமாவாக இருந்தது, சிரிப்பு வரைந்தால் பொய்யாக இருந்தது. எட்டாவது முறை வரைவதற்குமுன் கட்டைக் கலைத்து, வெட்டி, ஒரு சீட்டை எடுத்தேன். எட்டுக் கோப்பை. தங்கள் கட்டுரையோடு வந்த அதே படம்.

கையேடு பார்ப்பதில்லை என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி. பத்து நிமிடம் படத்தில் இருப்பதை மட்டும் நோட்டில் எழுத வேண்டும், பொருள் எழுதக்கூடாது. அன்று எழுதியது இப்படித் தொடங்குகிறது: 'முதுகு. முகம் தெரியவில்லை. சிவப்புப் போர்வை, கையில் தடி. எட்டுக் கோப்பையும் கவிழாமல், உடையாமல், அடுக்கியபடியே இருக்கின்றன. கீழே ஐந்து, மேலே மூன்று. மேல்வரிசையில் ஒரு கோப்பைக்கு இடம் காலி. நிலாவுக்கு முகம் இருக்கிறது. அது குனிந்து பார்க்கிறது. போகிறவர் பார்க்கவில்லை.' ஆறாவது வரியை எழுதும்போதே எனக்கு என் தவறு புரிந்துவிட்டது. வரைந்து முடித்த 11 படங்களிலும் என் பாட்டி நம்மைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகளுக்கான நூல் என்றால் முகம் தெரிய வேண்டும் என்று இத்தனை ஆண்டுப் பழக்கம் கைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கையும் கேள்வி கேட்காமல் செய்துகொண்டிருந்தது. 12ஆவது படத்தில் பாட்டியைத் திருப்பி நிறுத்தினேன். முதுகும், ஒரு கையில் மஞ்சள் பையும், வெடித்த குதிகாலும் மட்டும். பின்னால் அடுப்படி அலமாரியில் பாத்திரங்கள் வரிசையாக இருக்க, செம்பு இருந்த இடம் மட்டும் காலியாக விடப்பட்டது. பையின் வயிற்றில் செம்பின் வளைவு லேசாகத் தெரியும்படி ஒரு கோடு. முகம் பற்றிய சிக்கல் தீர்ந்தது. ஏனென்றால் முகமே இல்லை.

அந்தச் சீட்டுக்குக் கையேடுகள் என்ன பொருள் சொல்லும் என்பதைப் பிறகு பார்த்தேன். கிடைத்த வெற்றியைத் துறந்து வெளியேறுதல், எடுத்த காரியத்தைக் கைவிடுதல் என்ற பொருளில் எழுதியிருந்தது. முதலில் அதைப் படித்திருந்தால், இந்த நூலை விட்டுவிடு என்று சீட்டு சொல்வதாக நினைத்துப் பதிப்பாளருக்குத் தொலைபேசி செய்திருப்பேன். பயிலரங்கில் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததும் இதுதானே. படத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையில் பொருள் சொல்ல ஒருவர் வந்து அமர்ந்துவிட்டால், படம் பூட்டப்பட்டுவிடுகிறது.

அப்படியானால் எந்தப் படத்தை வைத்தும் இதைச் செய்யலாமே என்று கேட்கலாம். நானே செய்து பார்த்தேன். மளிகைக் கடையில் தந்த தினத்தாள் காலண்டரின் லட்சுமி படத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் எழுதினேன். மூன்றாம் நாளே கை ஓய்ந்தது. லட்சுமி நம்மை நேராகப் பார்க்கிறாள், எல்லாம் நிறைந்திருக்கிறது, ஏதும் நடக்கவில்லை. வழிபாட்டுக்கு அந்த நிறைவு வேண்டும், எனக்கு வேண்டியது குறை. பழைய குடும்பப் புகைப்படங்கள் இதைவிட நன்றாக வேலை செய்தன, ஆனால் அவற்றில் என் நினைவு முந்திக்கொண்டு பேசியது. பமீலாவின் சீட்டுகளில் காட்சி பாதியில் நிற்கிறது, மனிதர்கள் எனக்கு அந்நியர்கள். இன்னொன்று, எதை எடுக்கப்போகிறேன் என்பது என் கையில் இல்லை. எனக்குப் பிடித்த படத்தை நானே தேர்ந்தெடுத்தால், எனக்குப் பிடித்த பதிலையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுவேன். சீட்டுக் கலைப்பதன் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. விதி, ஆற்றல், அதிர்வு என்று எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

குறி கேட்பது நமக்குப் புதிதில்லை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். குறுந்தொகையின் 23ஆம் பாட்டில், தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறிய வீட்டார் குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைத்திருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு மலையாகப் பாடிக்கொண்டு வருகிறாள். நடுவே தலைவனுடைய மலையும் வந்துபோகிறது. உடனே தோழி குறுக்கிட்டு, அகவன் மகளே, அவருடைய நல்ல நெடிய குன்றத்தைப் பாடினாயே, அந்தப் பாட்டை இன்னும் ஒருமுறை பாடு என்கிறாள். குறி சொல்பவளுக்கு எதுவும் தெரியாது. எந்த இடத்தில் பாட்டு நெஞ்சில் தைத்தது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். ஔவையார் அந்தப் பாட்டில் கட்டுவிச்சியை ஏளனம் செய்யவில்லை, அவள் சொல்லை வேதவாக்காகவும் கொள்ளவில்லை. மீண்டும் பாடு என்று கேட்கும் அந்த இடத்தில் உண்மை வெளிவந்துவிடுகிறது. நான் சீட்டைப் பார்ப்பதும் ஏறத்தாழ அப்படித்தான். எந்த விவரத்துக்கு என் கண் திரும்பத் திரும்பப் போகிறதோ, அங்கே என் வேலை இருக்கிறது.

தங்கள் கட்டுரை டாரட்டையும் ஆரக்கிள் கார்டுகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. டாரட்டுக்கு 78 என்ற கணக்கும் வகைப்பிரிவும் உண்டு. ஆரக்கிள் கட்டுக்கு அப்படி எந்த இலக்கணமும் இல்லை, தயாரிப்பவர் விரும்பிய எண்ணிக்கையில் விரும்பிய பொருளில் அச்சிட்டுக்கொள்ளலாம். கடைகளில் இப்போது கிடைப்பவற்றில் பலவும், மங்கலான வானவில் பின்னணியில் 'உன் ஒளியை நம்பு' என்பதுபோன்ற வாசகங்களைத் தாங்கி வருகின்றன. அவற்றின்மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வரைந்து வரைந்து தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பவளிடம் நீ ஒளிமயமானவள் என்று சொன்னால், அவள் போய் ஒரு காப்பி போட்டுக் குடிப்பாள். வேலை அப்படியே கிடக்கும். சொற்களே இருக்கக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975இல் நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகள் கொண்ட ஒரு பெட்டியை வெளியிட்டார்கள். அவற்றில் படம் கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு மட்டும். செய்த பிழையை, நீயே மறைவாக நினைத்திருந்த ஒன்றாக மதித்து நடத்து என்ற கருத்தில் ஒரு சீட்டு உண்டு. பாடகர் டேவிட் போவியின் இசைத்தட்டுகளை பெர்லினில் பதிவு செய்த காலத்தில் ஈனோ இந்தச் சீட்டுகளை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுசென்று பயன்படுத்தினார். அந்தச் சீட்டு உங்களைப் பாராட்டுவதில்லை. உடனே செய்து பார்க்க ஒரு காரியத்தைக் கொடுக்கிறது. ஆரக்கிள் கார்டு வாங்க விரும்பும் எழுத்தாளர்கள், பெட்டியைப் பிரித்துப் பார்க்கக் கடைக்காரர் அனுமதித்தால், இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் கவனித்து வாங்கலாம்.

கதை எழுதுபவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இத்தாலிய எழுத்தாளர் இடாலோ கால்வினோ, பேச்சிழந்த பயணிகள் டாரட் சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தே தங்கள் கதையைச் சொல்வதாக ஒரு புனைவு எழுதினார்; 1973இல் அது முழு நூலாக வந்தது. ஒருவர் இடமிருந்து வலமாக வைத்த வரிசையை, வேறொருவர் மேலிருந்து கீழாகக் கடந்து, அதே சீட்டைத் தம் கதைக்கு வேறு பொருளில் எடுத்துக்கொள்வார். கால்வினோவுக்குச் சீட்டு எதிர்காலத்தைச் சொல்லவில்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பொறுத்துப் பொருள் மாறும் என்பதைக் காட்டியது. என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓவியம் கற்க வரும் பிள்ளைகளுக்கு நான்கைந்து சீட்டுகளைக் கொடுத்து, இந்த வரிசையில் ஒரு கதை சொல்லுங்கள் என்பேன். நாய்க்குட்டியோடு பாறை விளிம்பில் நிற்கும் அசடனின் சீட்டைக் கடைசியில் வைத்தால் ஒரு கதை, முதலில் வைத்தால் வேறு கதை. பத்து வயதுப் பையன் ஒருவன், அந்த ஆள் கீழே விழப்போகிறான் என்று மற்றவர்கள் எல்லாரும் சொன்னபோது, நாய் குரைத்து அவனைத் தடுக்கிறது என்று ஒற்றையாக நின்று வாதாடினான். படத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. என் புத்தகம் விருது வாங்குமா, பதிப்பாளர் ஏற்பாரா, இந்தத் தொழிலில் எனக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்விகளை நான் சீட்டின்முன் வைப்பதில்லை. எதை வரையாமல் தவிர்த்துக்கொண்டிருக்கிறேன், யாருக்குப் பிடிக்க வேண்டும் என்று இந்த வண்ணத்தைப் பூசினேன், இந்தப் பக்கத்தில் எது மிகை என்பவைபோன்ற கேள்விகளுக்கு மட்டும் அதனால் பயன் உண்டு. ஏனென்றால் அவற்றின் விடை ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. பிடிக்காத சீட்டு வந்தால் திரும்பக் கலைத்து வேறொன்று எடுக்கும் ஆசை வரும். வந்திருக்கிறது, ஒருமுறை நான்கு சீட்டுவரை போயிருக்கிறேன், அன்றைய பொழுது அத்தோடு போயிற்று. நெடுநாளாக உறக்கமும் உணவும் கெட்டு, எதிலும் மனம் செல்லாமல் இருப்பவர்கள், அதைப் படைப்புத் தடை என்று பெயரிட்டுச் சீட்டிடம் கொண்டுபோகாமல் மருத்துவரிடம் செல்வதே முறை. தங்கள் கட்டுரை இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, எகிப்து ஞானம் முதலிய செய்திகளைச் சரிபார்த்து வெளியிடுங்கள். கட்டணப் பயிலரங்குகளின் முகவரியைக் கட்டுரையின் அடியில் அச்சிடுவதாயின், அது விளம்பரம் என்பது வாசகருக்குத் தெரியும்படி அச்சிடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள்வரையே பதிப்புரிமை என்பதால், பமீலா கோல்மன் ஸ்மித்தின் படத்துக்குத் தாங்கள் எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை. பெயர் தருவதற்குச் செலவும் இல்லை. தம் பெயரின் மூன்று முதலெழுத்துகளை ஒன்றோடொன்று பின்னி, கொடி சுற்றியதுபோல, ஒவ்வொரு சீட்டிலும் அவர் கையெழுத்திட்டிருக்கிறார். இக்கடிதத்தை வெளியிடத் தாங்கள் தகுதியுடையதாகக் கருதினால், எட்டுக் கோப்பைப் படத்தை இன்னொரு முறை, இம்முறை கீழ் விளிம்புவரை, இதனோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சிறுவர் நூல் ஓவியர்,
திருச்சிராப்பள்ளி.